போஸ்டரில் போட்ட நேரம்

சிகாகோவிலிருந்து வந்து இறங்கி, ஒன்றரை மணி நேரமாக இந்த டாக்சியில் உட்கார்ந்திருக்கிறேன். திருமுல்லைவாயிலுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான். முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கால் வீங்கிவிட்டதால் ஷூவைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

எதிர்ச் சுவரில் அப்பா சிரிக்கிறார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். தலைக்கு மேல் சிலுவை. நல்லடக்கம் காலை பதினொரு மணி என்று அச்சடித்த இடத்தில் வெள்ளைத் தாளை ஒட்டி, மாலை நான்கு என்று கையால் எழுதியிருக்கிறார்கள். தம்பி செய்த தப்பு. இரண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று போனில் தேடியிருக்கிறான். பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், விமானத்தில் பதினேழு மணி நேரம் என்று வந்ததாம். நான் டிக்கெட் போடுவதற்குள் போஸ்டர் அடித்துவிட்டான். நேரடி விமானம் கிடையாது. தோஹாவில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டிரைவரும் போஸ்டரைப் பார்க்கிறார்.

“காலைல டீ குடிக்க சொல்லோ இத்த மாத்தி ஒட்டிகினு இருந்தாங்கோ சார். பெரிய புள்ள ஃபாரின்ல கீறாராம். இப்பவே நாலே கால் ஆச்சு. இன்னும் எத்தினி தபா மாத்துவாங்கோ, பாவம்.”

லாரி அசையவில்லை. ஷூ காலில் ஏற மறுக்கிறது. கதவைத் திறக்கிறேன்.

“சூட்கேஸ வீட்ல குடுத்துடுங்க.”

“இன்னா சார், எறங்கிட்டீங்க? எந்த ஊட்ல குடுக்கறது?”

போஸ்டரைக் காட்டிவிட்டு, வெறுங்காலோடு நடக்கிறேன்.