கடலுக்குப் போகாத சவிரிமுத்து

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். ஓர் இத்தாலியக் குரல், ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவதாகச் சொன்னது. சவிரிமுத்து என்பவர் கடலில் இறந்துவிட்டார், அவருடைய பையில் இந்த இலக்கம் இருந்தது என்றது. சவிரி கடலில் சாவதாவது! "ஆள்மாறி எடுத்துவிட்டீர்கள். எங்கள் சவிரிமுத்து கடலுக்குப் போகிற ஆளே இல்லை" என்று எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். என் மனைவி செல்வி "ஆரப்பா?" என்று கேட்டாள். பிழையான நம்பர் என்று சொல்லி மீன்குழம்பை ஊற்றிக்கொண்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மறுபடி அடித்தது. இந்த முறை சவிரியின் மனைவி திரேசா. "அன்ரன் அண்ணா, அது அவர்தான்" என்றாள். அழுகைக்கு நடுவில் இன்னொன்றும் சொன்னாள்: "உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு சொன்னவர்." செத்ததைச் சொல்லக்கூடாது என்று செத்தவன் எப்படிச் சொல்லியிருப்பான் என்று குழம்பினேன். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் விளங்கியது. அவள் சொன்னது கடலைப் பற்றி.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுதவேண்டும் என்று திரேசா கேட்டாள். "நல்லதா எழுதுங்கோ அண்ணா" என்றாள். உள்ளதை எழுதுவேன் என்றேன். "எழுதுங்கோ" என்றாள். ஆகவே வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சவிரி கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட்டவன், புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுத்தவன், கல்யாண வீடுகளில் தொண்டை கிழியப் பாடியவன். அதெல்லாம் பலெர்மோவில் இருக்கும் உங்கள் எல்லாருக்கும் தெரியும். அவனுடைய கூட்டாளியாக இருந்தும் எனக்குத் தெரியாமல் இருந்ததை நான் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் திருகோணமலை. கொட்டியாரக்குடாவில், உலகப் போர்க்காலத்தில் குண்டு விழுந்து அமிழ்ந்த சரக்குக் கப்பல் ஒன்று கிடக்கிறது. உப்புவெளி விடுதிகளில் தங்கும் வெள்ளைக்காரரைப் படகில் ஏற்றிப்போய், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி, சுழியோடிக் கீழே கூட்டிப்போய் அந்தக் கப்பலைக் காட்டிக்கொண்டு வருவதுதான் எங்கள் தொழில். வாடைக்காற்றுக் காலத்தில் தண்ணீர் சேறாகிவிடும். மற்ற மாதங்களில் மேலிருந்து பார்க்கும்போதே கப்பலின் முதுகு நீலமாகத் தெரியும். தட்டு முழுக்கப் பவளம் பற்றியிருக்கும். பீரங்கி ஒன்று இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். அதனடியில் பெரிய கலவாய் மீன் ஒன்று குடியிருந்தது. சவிரி அதற்குக் கப்டன் என்று பெயர் வைத்திருந்தான். இறங்கியதும் கப்டனுக்கு ஒரு சலூட் அடித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

தொழிலில் அவன் கண்டிப்பானவன். "ரெண்டுபேர் இறங்கினா ரெண்டுபேரும் ஏற வேணும்" என்பான். வெள்ளைக்காரர் யாராவது கப்பலின் அறைக்குள் நுழையப் பார்த்தால் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிடுவான். "உள்ளுக்கை போகப்படாது. அது செத்த ஆக்களின்ரை வீடு" என்று மேலே வந்து திட்டுவான். அவர்களுக்குத் தமிழ் விளங்காது, ஆனால் முகத்தைப் பார்த்தால் விளங்கிவிடும்.

அப்படிச் சட்டம் பேசியவன் ஒருநாள் தானே உள்ளே போனான். எதைப் பார்க்கப் போனான் என்று கடைசிவரை சொல்லவில்லை. நான் வெள்ளைக்காரரை மேலே அனுப்பிவிட்டு நடுத் தண்ணீரில் நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி அவனுக்காகக் காத்திருந்தேன். அவனுடைய மூச்சுக் குமிழிகள் சரக்கறையின் வாய்க்குள்ளிருந்து வந்தன. ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டே இருந்தன. இறங்கும்போது அடிக்கடி நின்று, மூக்கைப் பொத்தி ஊதி, காதுக்குள் அழுத்தத்தைச் சரிசெய்யவேண்டும். எனக்கு நிற்க நேரமில்லை. தலைகீழாகப் போனேன். இடது காதுக்குள் துணி கிழிவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

உள்ளே பழைய மீன்வலை ஒன்று அவனுடைய சிலிண்டரைச் சுற்றிப் பிடித்திருந்தது. அவன் உதறிய உதறலில் சேறு கிளம்பிக் கையைக்கூடப் பார்க்க முடியவில்லை. தடவித் தடவி வலையை வெட்டினேன். அவனுடைய காற்று முடிந்துவிட்டது. என் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கி அவன் வாயில் வைத்தேன். அவன் இழுத்துவிட்டுத் தந்தான், நான் இழுத்துவிட்டுக் கொடுத்தேன், அப்படியே மாறி மாறி மேலே வந்து சேர்ந்தோம். படகில் நான் வாந்தி எடுத்தேன். காதால் இரத்தம் வழிந்தது. இனி வாழ்நாளில் சுழியோடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் சவிரி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நீ இறங்காத கடலிலை நானும் இறங்கமாட்டன் மச்சான். இது சத்தியம்." அவன் கண் கலங்கியிருந்தது. சொன்னபடியே சிலிண்டர்களை முதலாளியிடம் கொடுத்துவிட்டு மேசன் வேலைக்குப் போனான். ஆனால் ஊரில் கேட்டவர்களுக்கு அவன் சொன்ன கதை வேறு. "மூக்கடைச்ச தடிமனோடை இறங்காதை எண்டனான், கேட்டவனே? காதை உடைச்சுக்கொண்டு நிக்கிறான்" என்பான். நானும் கூடச் சிரிப்பேன். எல்லாரையும் காலைப் பிடித்து இழுத்தவன், தானே போய் மாட்டிக்கொண்டதை எந்த வாயால் சொல்வான்? போகட்டும் என்று விட்டேன். எனக்காகக் கடலையே விட்டானே, அதைவிட என்ன வேண்டும் என்று இருந்தேன். கொஞ்சக் காலத்தில் சண்டை தொடங்கி, குடாவை எங்கள் எல்லாருக்குமே மூடிவிட்டார்கள். கடலை விட்டதில் அவனுக்குப் பெரிதாக ஒன்றும் நட்டமில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அந்தச் சத்தியத்துக்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். தொண்ணூறில் இத்தாலிக்காரர் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கொடுக்கத் தொடங்கியபோது நாங்கள் இருவரும் பலெர்மோவில் ஒரே அறையில் இருந்தோம். நான் துப்புரவு வேலை செய்த வீட்டுச் சின்யோரா, பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடத்துக்கு வாசல்காரன் தேவை என்று சொன்னார். சட்டப்படி பதிந்த வேலை, இருக்க வீடும் உண்டு. வீடு இருந்தால் ஊரிலிருந்து குடும்பத்தைக் கூப்பிடலாம். "அன்ரோனியோ, உனக்குத்தான்" என்றார். எனக்கு வேண்டாம், என் நண்பனுக்குக் கொடுங்கள் என்றேன். எனக்காகக் கடலை விட்டவனுக்கு நான் ஒரு வாசலை விட்டுக்கொடுக்கக் கூடாதா? திரேசா உடனே வந்து சேர்ந்தாள். செல்வியும் மகளும் வருவதற்கு மேலும் இரண்டு வருடம் பிடித்தது. விமான நிலையத்தில் மகள் என்னைக் கண்டதும் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதற்காக நான் அப்போது வருந்தவில்லை. நல்லது செய்தேன் என்றுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சவிரி பகேரியாவுக்கு ரயில் ஏறுவான். அங்கே ஒரு பழைய வில்லாவில் தோட்டவேலை என்று சொன்னான். பின்னேரம் கோயிலில் காணும்போது கண்ணைச் சுற்றியும் மூக்கின் மேலும் வட்டமாக ஓர் அழுத்தத் தடம் இருக்கும். சுழியோடுகிறவர்கள் போடும் முகக்கண்ணாடியின் தடம் அது. எனக்கு, உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்கு, அது தெரியாதா? ஒருமுறை கேட்டேன். "மருந்தடிக்கேக்கை போடுற கண்ணாடியடாப்பா. கடிச்சுப்போட்டுது" என்றான். பாவம், நன்றாகக் கஷ்டப்படுகிறான் என்று நினைத்தேன். சத்தியம் செய்தவனைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை.

அடக்கப் பூசைக்கு நம்மவர்களோடு வெயிலில் கறுத்த சில இத்தாலியர்களும் வந்ததை நீங்கள் கண்டிருப்பீர்கள். வில்லாக்காரர்கள் என்று பலர் நினைத்தீர்கள். அவர்கள் சுழியோடிகள். பகேரியாவைத் தாண்டி ஒரு மீன்பிடித் துறையிலிருந்து, போரில் அமிழ்ந்த கப்பல் ஒன்றைப் பார்க்க ஞாயிறுதோறும் போகிறவர்கள். சவிரி வருடக்கணக்காக அவர்களோடு இறங்கியிருக்கிறான். கடைசி நாளும் இறங்கி, ஏறி, படகில் உட்கார்ந்து ஏதோ பகிடி விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்தானாம்.

அவர்களில் மூத்தவர் நினோ. திரேசா அவரிடம் என்னைக் காட்டி, "இவர்தான் அன்ரோனியோ, திருகோணமலையில் அவரோடு சுழியோடியவர்" என்றாள். கைகொடுக்க வந்த மனிதர் பாதியில் நின்றுவிட்டார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"நீங்கள் இறந்துவிட்டீர்களே" என்றார்.

நான் திரேசாவைப் பார்த்தேன். அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நினோதான் சொன்னார். சேர்ந்த புதிதில் அவர்கள் சவிரியிடம், இவ்வளவு நன்றாகச் சுழியோடுகிறாயே, உன் கூட்டாளி யார், அவனையும் கூட்டிவா என்று கேட்டார்களாம். அவன் செத்துவிட்டான் என்று சவிரி சொன்னானாம். கப்பலுக்குள் தான் புத்திகெட்டுப் போய் மாட்டிக்கொண்டதையும், அன்ரோனியோ தன் காதையும் பார்க்காமல் தலைகீழாக வந்து, வலையை வெட்டி, தன்னுடைய காற்றைக் கொடுத்ததையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறான். முடிவை மட்டும் மாற்றிவிட்டான். அவர்கள் கதையில் அன்ரோனியோ மேலே வரவில்லை.

"தடிமனெண்டுதானே எங்களுக்குச் சொன்னவர்?" என்றாள் திரேசா.

நினோ என்னைக் கேட்டார்: "அப்படியென்றால் அவன் சொன்னதெல்லாம் பொய்யா?"

"செத்தது மட்டும் பொய்" என்றேன்.

உயிரோடு இருந்த எனக்கு ஊருக்கு முன்னால் முட்டாள் பட்டம். செத்த எனக்கு, முகம் தெரியாத மனிதர்களுக்கு நடுவில், வீரன் பட்டம். நான் ஆசைப்பட்டது இந்த இரண்டுக்கும் இல்லை. ஒருநாள், எங்கள் வீட்டுக் குசினியில் தேத்தண்ணி குடிக்கும்போது, "மச்சான், அண்டைக்கு நீ வராட்டி நான் இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எத்தனையோ வருடம் காத்திருந்தேன். அந்த வார்த்தை அவனிடம் இருந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய் அந்நியர்களிடம், அவர்கள் மொழியில் சொல்லியிருக்கிறான்.

திரேசாவில் எனக்குக் கோபமில்லை. "உங்கடை மனம் நோகுமெண்டுதான் அண்ணா மறைச்சவர். நீங்கள் இறங்கேலாது, தான் மட்டும் எப்பிடி எண்டு" என்றாள். அப்படியானால் சத்தியத்திலிருந்து என்னை விடு என்று என்னிடமே கேட்டிருக்கலாமே. காது உடைந்தவன் கீழே போகமுடியாதுதான். படகில் உட்கார்ந்திருக்கவும் முடியாதா? அவர்களுக்குப் படகு பார்க்க ஆள் தேவைப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் நான் ஸ்தாசியோனே பக்கத்து வீட்டில் சும்மாதான் இருந்தேன். அவன் கீழே கப்பலைப் பார்த்துவிட்டு வந்து, மேலே எனக்குச் சொல்லியிருக்கலாம். பீரங்கி இருக்கிறதா, அடியில் எந்த மீன் இருக்கிறது என்று நான் கேட்டிருப்பேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கும் இருந்திருக்கும். அதைத்தான் அவன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டான்.

நினோ இன்னொன்றும் சொன்னார். இந்த ஊரில் நவம்பர் இரண்டாம் திகதி மரித்தோர் நாள் பெரிய நாள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் அன்று காலையில் சவிரி அவர்களோடு படகில் போய், எனக்காகக் கடலில் பூப் போடுவானாம். போட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வானாம்: "மன்னித்துக்கொள், அன்ரோனியோ." தப்பிப் பிழைத்தவனுடைய வேதனை என்று நினைத்து அவர்களும் தலைகுனிந்து நிற்பார்களாம்.

அதே நாள் பின்னேரம் அவன் எங்கே வருவான் என்று நினோவுக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வருவான். வருடம் தவறாமல் வருவான். பாதாம் மாவில் பழம்போலச் செய்து சாயம் பூசிய இனிப்பை என் மகளுக்குக் கொண்டுவருவான். செத்துப்போன உறவினர்தான் அன்று பிள்ளைகளுக்கு இனிப்புக் கொண்டுவருகிறார்கள் என்பது இந்த ஊர்க்காரர் வழக்கம். "இந்தா பிள்ளை, செத்த ஆள் தந்துவிட்டது" என்று நீட்டுவான். "ஆர் மாமா அது?" என்று அவள் கேட்பாள். "உனக்குத் தெரியாத ஒரு ஆள்" என்பான். பிறகு எனக்கு எதிரே உட்கார்ந்து, செல்வி போட்ட சோற்றை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிடுவான். காலையில் கடலுக்குச் சொன்னதை அங்கே எனக்குச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

சவிரியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மன்னிப்புத்தான். அவன் கேட்ட மன்னிப்பு, அவன் இல்லாமல், நினோவின் வாய்வழியாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வாங்கி வைத்திருக்கிறேன். மன்னிப்பைக் கொடுத்துவிட்டீர்களா என்று திரேசா கேட்கிறாள். இன்னும் இல்லை. பொய் சொல்ல எனக்குத் தெரியாது.

நேரை வந்து கேட்டிருந்தா, மச்சான், அண்டைக்கே தந்திருப்பன்.