சனிக்கிழமை இரும்பு

என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த வருடம் அது. கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலத்தெருவில் எங்கள் வீட்டுக் கொல்லை தாழ்வு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தண்ணீர் அடுப்படி வரைக்கும் வந்துவிடும். மேடாக்குவதற்கு ஒரு லோடு மண் வாங்கி வாசலில் கொட்டியிருந்தோம். ஆட்களெல்லாம் நடவுக்குப் போய்விட்டார்கள்.

"நானே தள்ளிடுறேன்" என்றார். சொன்னால் கேட்கிற மனிதரா? நல்ல தள்ளுவண்டியாவது இருக்கட்டும் என்று கடைக்குக் கூட்டிப்போனேன்.

கடையில் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று கெட்டியான இரும்புத் தொட்டி, முன்னால் இரண்டு காற்றடைத்த சக்கரங்கள். "பாரத்தயெல்லாம் சக்கரம் தாங்கிக்கும்மா, கையில கனமே தெரியாது" என்றார் கடைக்காரர். இன்னொன்று பிளாஸ்டிக் தொட்டி, ஒற்றைச் சக்கரம். சாய்ந்தால் கைதான் தாங்க வேண்டும்.

என் கணவர் சுரக்குடிக்காரர். திருநள்ளாற்றுச் சனீஸ்வரன் கோயிலுக்கு நடந்தே போய் வளர்ந்தவர். அன்றைக்குச் சனிக்கிழமை.

"இன்னைக்கிப் போயி யாராச்சும் இரும்ப வீட்டுக்குக் கொண்டு போவாங்களா?"

"நாளைக்கி கடை லீவு. அப்ப திங்கக்கெழம வருவோங்க."

"வானத்தப் பாரு. அதுவரைக்கும் தாங்குமா?"

கடல் பக்கம் கறுத்துத்தான் கிடந்தது. காற்றே இல்லை. அவர் பிளாஸ்டிக் வண்டியில் கை வைத்துவிட்டார்.

"அதோட புடி, காலு எல்லாம் இரும்புதானங்க?"

"தொட்டி பிளாஸ்டிக்கு. அது போதும்."

கடைக்காரர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதையே வாங்கிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு நடைக்கும் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. இழுத்து இழுத்து நிமிர்த்தினார். நடுவில் நின்று தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"போதும், விடுங்க."

"சுளுக்குதான். இன்னும் பாதி இருக்கு."

தூறல் விழுந்தது. ஈர மண்ணில் சக்கரம் புதைந்துவிட, பிடியை மார்போடு அணைத்துத் தூக்கினார். வண்டி கவிழ்ந்தது. கூடவே அவரும் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து உறவுக்காரர்களும் கிளம்பிவிட்டார்கள். மீதி மண் வாசலில் மழையில் கரைந்துகொண்டிருந்தது. போகிற வருகிற போதெல்லாம் அது என் கண்ணில் பட்டது. வேண்டுமென்றே ஒரு சனிக்கிழமையாகப் பார்த்து அதே கடைக்குப் போய், அந்த இரும்பு வண்டியைக் காட்டினேன்.

கடைக்காரர் தயங்கினார். "இன்னைக்கி சனிக்கெழமம்மா."

"தெரியும். ஏத்துங்க" என்றேன்.