பிரேக்கம்மா வண்டி எடுத்தாள்

அந்த டிரைவிங் ஸ்கூலில் கார் பழகியவர்கள் எல்லாரும் அவளைப் பிரேக்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பழகுகிற காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு அல்லவா, அதன் மேல் அவள் வலது கால் எப்போதும் காவல் இருக்கும். டாக்டர், வக்கீல், கல்யாணமாகி வந்த புதுப்பெண், ரிட்டயர் ஆன பிறகு ஆசை வந்த தாத்தா என்று யார் வந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். "கிளட்சை மிதிங்கன்னா கிளட்சை மிதிக்கணும். அது கிளட்ச் இல்லைங்க, உங்க செருப்பு!" என்று ஒரு அதட்டல் போடுவாள். வியர்த்து விறுவிறுத்துப் போவார்கள். ஆனால் லைசென்ஸ் வாங்கிய கையோடு இனிப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு முதலில் அவளைப் பார்க்கத்தான் வருவார்கள்.

இப்படி ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மகராசி, தானாக ஒரு வண்டியை எடுத்து ஓட்டி வருஷக்கணக்காகிவிட்டது. அவளே லைசென்ஸ் வாங்கிய புதிதில் கொஞ்ச நாள் ஓட்டினாள். பிறகு இந்த வேலை கிடைத்தது, இடது பக்க சீட்டில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். ஸ்கூல் கார் சாயங்காலமானால் முதலாளி வீட்டுக்குப் போய்விடும். வீட்டில் இருந்ததோ ஒரு ஸ்கூட்டர், அதை ஓட்டுவது கணவர். பக்கத்திலிருந்து ஸ்டீயரிங்கை எட்டிப் பிடித்துத் திருப்பியது உண்டு, அவ்வளவுதான். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை, அவளாகவும் சொன்னதில்லை. மீன் வியாபாரியிடம் போய் உனக்கு நீந்தத் தெரியுமா என்று யாராவது கேட்பார்களா?

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய தங்கை வெளிநாட்டில் குடியேறிப் பல வருஷமாகிறது. அந்த ஊரில் ஒரு பெரிய கம்பெனியில் லிஃப்ட் பராமரிக்க அனுபவமுள்ள ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டு, அண்ணனுக்குச் சொல்லி, வேலையும் கிடைத்துவிட்டது. மனுஷன் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். அவளுக்குத்தான் முகம் விழுந்துவிட்டது.

"நீங்க லிஃப்ட்டுல ஏறி ஏறி இறங்குவீங்க. நான் நாலு சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கணுமா? எனக்கும் ஒரு வேலை வேணும். இல்லைன்னா நான் வரலை."

சொன்னால் சொன்னதுதான். நாத்தனார் அங்கே அலையாய் அலைந்து, நம்ம பாஷை பேசுகிற ஒருவர் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிவைத்தாள். அந்த முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வந்து சேர்ந்ததும் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றி ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை.

"இவ்வளவுதானா? எங்க அண்ணிக்கு அது தண்ணி பட்ட பாடு," என்று நாத்தனார் போனில் வாக்குக் கொடுத்துவிட்டாள். இங்கே அண்ணி அன்று ராத்திரி குழம்பில் உப்புப் போடவே மறந்துபோனாள்.

வேலையில் சேர மூன்று மாதம் இருந்தது. சாமான்களை விற்றாயிற்று, வீட்டைக் காலி செய்தாயிற்று. லிஃப்ட்காரர் ஒரு பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்தார். "பிளேன்ல ஏறினா ஒரு ராத்திரி. தூங்கி எழுந்தா அந்த ஊரு. அதுல என்ன இருக்கு? இவ்வளவு வருஷமா நான் மேலயும் கீழயும்தான் போயிருக்கேன். ஒரு தடவை நேரா போய்ப் பார்ப்போமே!" என்றார். கப்பல், ரயில், பஸ் என்று விரல் ஓடியது. நடுவில் மலையும் ஏரியுமாக நாலைந்து நாடுகள் வரும் இடத்தில் விரலை நிறுத்திக் கண்ணடித்தார். "இங்க மட்டும் ஒரு ரகசியம்."

பயத்தையெல்லாம் மீறிக்கொண்டு அவளுக்கு ஆசை பொங்கியது. ஐம்பது வயதில் இப்படி ஒரு பயணம் யாருக்குக் கிடைக்கும்?

கப்பலில் முதல் இரண்டு நாள் வாந்தி, மூன்றாம் நாள் மேல்தளத்தை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். ரயிலில் எதிர் சீட்டுக்காரர்களோடு ஒரு வார்த்தை பாஷை தெரியாமல் மணிக்கணக்கில் பேசினாள். பனி விழுவதைப் பார்த்ததும் பிளாட்பாரத்தில் இறங்கி ஓடி, ரயில் ஊதிய பிறகுதான் திரும்பி ஓடிவந்தாள். "ஏங்க, பாருங்க! ஏங்க, அங்க பாருங்க!" என்று அவள் இடித்து இடித்தே லிஃப்ட்காரருக்கு விலா வலித்தது. பஸ்ஸில் போனால் மட்டும் ஒரு தொல்லை. முன்னால் ஏதாவது குறுக்கே வந்தால் அவள் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். ஒரு தடவை முன் சீட்டுப் பெரியவர் திரும்பி முறைத்தார்.

அப்புறம் அந்த ரகசியம் வந்தது. ஒரு ஊரில் இறங்கி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு, வாடகைக்கு வண்டி விடுகிற ஒரு முற்றத்துக்குக் கூட்டிப்போனார். உள்ளே படுக்க இடமும் சின்ன அடுப்பும் உள்ள வேன் ஒன்று வெள்ளை வெளேரென்று நின்றது. முற்றத்துக்காரர் சாவியை நீட்டினார். லிஃப்ட்காரர் அதை வாங்கி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"ஊரையே ஓட்ட வெச்சியே. இப்ப நீ ஓட்டு, நான் வேடிக்கை பார்க்கறேன். மலை தாண்டிக் கடற்கரை வரைக்கும் நம்ம வண்டி!"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், பழகின கால் இழுத்த பக்கம் போய், இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அவர் வலது பக்கம் ஏறினார். பெல்ட்டை மாட்டிக்கொண்டு, நேரே பார்த்தபடி அவள் வாய் தானாகப் பேசியது.

"சீட்டை முன்னாடி இழுத்துக்கோங்க. கண்ணாடி மூணையும் பாருங்க. நியூட்ரல்ல இருக்கான்னு ஆட்டிப் பாருங்க."

லிஃப்ட்காரரும் நல்ல பிள்ளையாக சீட்டை இழுத்துக்கொண்டார். பிறகு கைகளை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, எனக்கு ஸ்டீயரிங்கே குடுக்கலையே?" என்றார்.

அந்த நாட்டில் வண்டிகளுக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். எத்தனையோ வருஷமாக அது தன் பக்கம் வரவே வராது என்று நம்பி அவள் ஒளிந்துகொண்டிருந்த சீட்டுக்கே அது வந்து முன்னால் நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். முற்றத்துக்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறிவிட்டது.

"எனக்கு ஓட்ட வராதுங்க."

"என்னது?"

"வராது. மறந்துபோச்சு. நான் ஓட்டி எவ்வளவு வருஷமாச்சு தெரியுமா? அங்க போய் அந்த முதலாளி முன்னாடி என்ன செய்யப்போறேன்? உங்க தங்கச்சி மானம் போகும், என் வேலையும் போகும்."

லிஃப்ட்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் வருஷக்கணக்காக ராத்திரிச் சாப்பாட்டோடு சேர்த்து அவள் புலம்பலைக் கேட்டவர். இன்றைக்கு இவர் இப்படி மிதித்தார், நான் இப்படிச் சொன்னேன் என்று அவள் சொல்லச் சொல்ல, அத்தனையும் அவருக்கு மனப்பாடம். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் குரலிலேயே ஆரம்பித்தார்.

"முதல்ல மூச்சு விடுங்க. வண்டி உங்களைத் தின்னுடாது. கிளட்சை முழுசா மிதிங்க. அது கிளட்ச் இல்லைங்க, உங்க செருப்பு!"

"அடச்சீ, சும்மா இருங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கிளட்சை மிதித்தாள். கை எந்தப் பக்கம் கியர் என்று தடவிக் கண்டுபிடித்தது. வேன் குலுங்கியது, நின்றது. மறுபடி குலுங்கியது. மூன்றாம் தடவை நகர்ந்தது. முற்றத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் முற்றத்துக்காரர் பொறுமை இழந்து வெளி கேட்டை அகலத் திறந்துவைத்து, போய்த் தொலையுங்கள் என்பதுபோல் கையைக் காட்டினார். அதிலே போய்த்தான் ஆகவேண்டியிருந்தது.

முதல் நாள் சைக்கிள்கள்கூட அவர்களைத் தாண்டிப் போயின. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான், அவள் பதிலுக்கு நம்ம பாஷையில் நாலு வார்த்தை திட்டினாள், தெம்பாக இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் வண்டி அவள் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. ஏரிக்கரையில் நிறுத்தி ரொட்டி தின்றார்கள், வேனுக்குள்ளேயே தூங்கினார்கள், விடிந்ததும் வரைபடம்கூடப் பார்க்காமல் கிளம்பினார்கள். மலைச்சரிவில் மூடுபனி இறங்கி, முன்னால் ஒரு முழம்கூடத் தெரியாமல் போன இடத்தில் லிஃப்ட்காரர் வாயை மூடிக்கொண்டு தன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். அவள் கியரைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல், வளைவு வளைவாக வண்டியை இறக்கினாள். வாயால் ஆயிரம் பேருக்குச் சொன்னதை அவள் கால் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டது. கீழே வந்து வெயிலைப் பார்த்ததும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு கூச்சல் போட்டாள். சத்தியமாக, கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அதை அவரிடமே சொன்னாள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அடுத்த எல்லைச் சாவடியில் அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டையும் புரட்டிவிட்டு லிஃப்ட்காரரைப் பார்த்து, "டிரைவர்?" என்று கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிவிட்டாள்.

கடற்கரையில் வேனை ஒப்படைத்தபோது சாவியைக் கொடுக்க அவளுக்கு மனசே வரவில்லை. கப்பலேறி, புது ஊர் வந்து, நாத்தனார் பிடித்து வைத்திருந்த இரண்டு அறை வீட்டில் பெட்டிகளை இறக்கினார்கள். மறுநாள் காலையில் டிரைவிங் ஸ்கூல் முதலாளி காரோடு வந்து நின்றார். அந்த ஊரிலும் ஸ்டீயரிங் இடது பக்கம்தான். அவள் கதவைத் திறந்தாள், உட்கார்ந்தாள், எடுத்தாள். பாலம், சந்தை, ரயில்வே கேட், செங்குத்தான சந்து என்று அவர் சொன்ன இடமெல்லாம் போனாள். பஸ் டிப்போ பக்கம் நெரிசலில் ஒரு நீண்ட பஸ் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் அசரவில்லை. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

"போதும்மா. இதுக்கு மேல பார்க்க ஒண்ணும் இல்லை," என்று சிரித்தார் முதலாளி. "திரும்பிப் போறப்ப நான் ஓட்டறேன். நீங்க இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. நாளையிலேர்ந்து இதுதான் உங்க சீட்டு, பழகிக்கோங்க."

சுற்றி வந்து உட்கார்ந்தாள். கீழே அந்த இரண்டாவது பிரேக். கால் தானாகப் போய் அதன் மேல் உட்கார்ந்தது. கார் கிளம்பியது. பாலம் வந்தது, சந்தை வந்தது, எல்லாம் யாரோ காட்டுகிற மாதிரி வந்து போயின. மடியில் அவளுடைய இரண்டு கைகளும் வேலையற்றுக் கிடந்தன. எந்த வேலைக்காக மூன்று மாதம் பயந்துகொண்டே வந்தாளோ, அது கையில் இருந்தது. ஆனால் அந்தக் கைகள் ஸ்டீயரிங்கைத்தான் தேடின.

"சார், கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள். "அந்த டிப்போவில பஸ் ஓட்ட ஆள் எடுப்பாங்களா?"

லிஃப்ட்காரர் வாசலிலேயே காத்திருந்தார், பக்கத்தில் நாத்தனார். "அண்ணி, வேலை கிடைச்சுதா?"

"கிடைச்சுது. வேண்டாம்னுட்டேன்."

"ஐயையோ! எவ்வளவு கெஞ்சி வாங்கின வேலை தெரியுமா? அண்ணா, என்னன்னு கேளு!"

அவள் கணவர் முகத்தை மட்டும் பார்த்துச் சொன்னாள். "என்னால இனிமே பக்கத்துல உக்காந்து பார்த்துட்டிருக்க முடியாதுங்க. வெளியூர் பஸ் ஓட்டப்போறேன். பெரிய வண்டி லைசென்ஸ் எடுக்கணுமாம். அந்த சார் ஸ்கூல்லயே பஸ் ஒண்ணு இருக்காம், நாளைக்கு வரச் சொல்லிட்டாரு. கத்துக்குடுக்க இல்லை, கத்துக்க. பாஸாகறதுக்கு மாசக்கணக்காகும். பாஸாகாமலும் போகலாம்."

லிஃப்ட்காரர் தலையைச் சொறிந்தார். வாசலைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

"எதுவரைக்கும் போகும் அந்த பஸ்?" என்றார்.

"எல்லை தாண்டி, இங்கயும் ஒரு மலை இருக்காம், அது வரைக்கும் போகுதாம்."

"அப்போ முன் சீட்டுல எனக்கு இப்பவே ஒரு துண்டு போட்டு வை."