கல்பனாவுக்கு வலி எடுத்த சனிக்கிழமை

பிரசவ வலி எடுத்த மனைவிக்கு வீட்டில் துணையாக இருக்கும் வேலைக்கு இன்டர்வியூ கிடையாது, டிரெயினிங் கிடையாது. மேலதிகாரி மட்டும் உண்டு, அவருக்கு வலிக்கும். இந்த வேலையைப் பார்த்த கணவன்மார்களுக்கு மேற்கொண்டு நான் விளக்கவே வேண்டாம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். கல்பனா ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். ஜோகுபாளையத்தில் முதல் மாடியில் குடியிருக்கிறோம். டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் இருந்தது. துணைக்கு வரவேண்டிய மாமியார் சேலத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். சனிக்கிழமை காலை சட்னி அரைக்கும்போது கல்பனா மிக்ஸியை நிறுத்திவிட்டு, மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நோட்டும் பேனாவும்

ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் பதறவே இல்லை. தலைப்பிரசவம், நேரமாகும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி என்று ஒரு மணி நேரம் தொடர்ந்து வந்தால் கிளம்புங்கள் என்றார். நான் நோட்டு எடுத்துக் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். ஒரு வலி முடிந்ததிலிருந்து அடுத்தது ஆரம்பிக்கும் வரை எவ்வளவு நேரம் என்று பத்து வரி எழுதியிருப்பேன்.

கல்பனா நோட்டை வாங்கிப் பார்த்தாள். அடுத்த வலி வந்து போனது. பிறகு முழுப் பக்கத்தையும் அடித்தாள். "ஆரம்பத்துலேர்ந்து ஆரம்பம் வரைக்கும் எண்ணணும். எல்லாமே தப்பு, திருப்பி எழுதுங்க."

கஷாயம்

மேளச் சத்தத்துக்கு நடுவே மாமியார் போனில் கத்தினார். "சீரகத்தைக் கொதிக்கவச்சுக் குடுங்க மாப்ள. சூட்டு வலின்னா நின்னுடும், நிஜ வலின்னா ஜாஸ்தியாகும்." கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆற்றிக் கொடுத்தேன். கல்பனா ஒரு வாய் குடித்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது சோம்பு. ஹோட்டல்ல சாப்பிட்டு வெளிய வர்றப்ப குடுப்பாங்களே, அது."

நடைப்பயிற்சி

நடந்தால் நல்லது என்று தெருவில் இறங்கினோம். ஒவ்வொரு வலிக்கும் அவள் மதில் சுவரைப் பிடித்துக்கொள்வாள். நான் "மூச்சை இழு, மெதுவா விடு, இழு" என்று ஓதிக்கொண்டே இருந்தேன். கீழ்வீட்டு சரோஜம்மா வாசலில் கீரை ஆய்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் என்னிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். எனக்கும் கன்னடம் நன்றாகத் தெரியும். இருந்தாலும் கல்பனா மொழிபெயர்த்தாள்.

"'நீங்க சும்மா இருந்தா அதுவே போதும்'னு சொல்றாங்க."

ஒரு கேள்வி

மத்தியானம் மறுபடி நர்ஸுக்குப் போன் செய்தேன். பனிக்குடம் உடையவில்லை, ரத்தம் இல்லை என்று டக்டக்கென்று பதில் சொன்னேன். "குழந்தை அசையுதா?" என்றார். கல்பனாவைப் பார்த்தேன். அவள் வயிற்றில் கை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். "வலியையே கவனிச்சுட்டிருந்தேன். அசைஞ்ச மாதிரி ஞாபகம் இல்லையே" என்றாள். நர்ஸ் உடனே வரச் சொல்லிவிட்டார்.

போன வருஷம் மூன்றாம் மாதத்தில் ஒன்று தங்காமல் போயிருந்தது. ஆட்டோவில் நாங்கள் இருவருமே அதைப் பேசவில்லை. டிரைவர் ஒவ்வொரு மேட்டிலும் வண்டியைத் தூக்கி வைப்பதுபோல ஓட்டினார். கல்பனா என் மணிக்கட்டை விடவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வருஷக்கணக்காகச் சொல்லும் ஆறுதல் வார்த்தைகள்கூட எனக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டி மெஷினைப் போட்டதும் அறை முழுக்க டக் டக் டக்கென்று கேட்டது. கல்பனா அழுதாள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தார்.

"குழந்தை நல்லா இருக்கு சார். நீங்களும் மூச்சு விடலாம்."

திரும்பி வந்தது

முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, இன்னும் நேரம் இருக்கிறது, வீட்டிலேயே சௌகரியமாக இருந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதே ஆட்டோ டிரைவர் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் டம்ளரை வைத்தார். கல்பனாவின் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், போன மாதிரியே வர்றீங்க?"

சாட்சி

சாயங்காலம் நாலு மணிக்கு வலி நிஜமாகவே நெருங்கிவிட்டது. இந்த முறை நோட்டு தேவைப்படவில்லை. கல்பனா கட்டில் விளிம்பைப் பிடித்துக் குனிந்து நிற்க, நான் வாயைத் திறக்காமல் இடுப்பை அழுத்தித் தேய்த்தேன். "கீழ. இன்னும் கீழ. அங்கதான்." அவள் அன்று என்னைப் பாராட்டியது அந்த ஒரு வார்த்தையில்தான். ஐந்தரைக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். எட்டு மணிக்குப் பெண் குழந்தை, நல்ல எடை, நல்ல குரல்.

மாமியார் கல்யாணப் பட்டுப்புடவையோடு வந்து சேர்ந்தார். பேத்தியைப் பார்த்து முடித்து, என்னை ஓரக்கண்ணால் பார்த்து, "மாப்ள ஏதாவது பண்ணாரா?" என்று மகளிடம் கேட்டார். கல்பனா கணக்குப் போட்டுச் சொன்னாள்.

"நிறைய பண்ணாரும்மா. பாதிக்கு மேல வேண்டாததுதான். ஆனா பக்கத்தவிட்டு நகரல."

ஆக, இந்த வேலைக்குத் தேய்த்துவிட இரண்டு கையும் திட்டு வாங்க இரண்டு காதும் போதும். வாய் இருப்பதுதான் இடைஞ்சல்.