குறுங்காட்டுக்குள் போன தலைவர்

இயற்கையை மீட்பதாகத் தீர்மானம் போட்டு, எங்கள் பேரூராட்சியின் பழைய குப்பைமேட்டில் குறுங்காடு வளர்த்தோம். நான் பேரூராட்சியில் ஒரு வார்டு உறுப்பினர். என்ன மரம் நடுவது என்று பேச்சு வந்தபோது, தலைவர் இலந்தைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவருக்குத் திராட்சைத் தோட்டமே இருந்தாலும் இலந்தைப்பழம் என்றால் உயிர். புங்கனுக்கும் நாவலுக்கும் நடுவே இலந்தையாக நட்டோம். திறப்புவிழாக் கல்வெட்டை நட்டநடுவில் வைத்தோம். பாதை விடத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சில மழைக்காலம் போனபின் தேனியிலிருந்து ஒரு பெண் அதிகாரி பார்வையிட வந்தார். காடு ஆள் உயரத்தைத் தாண்டி அடைத்துக்கொண்டு நின்றது. கல்வெட்டின் போட்டோ வேண்டும் என்றார். தானே எடுத்து வருவதாகச் சொல்லி, தலைவர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

கொஞ்ச நேரம் கிளை முறியும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அதிகாரி என்னைப் பார்க்க, நான் மரங்களின் பெயரைச் சொல்லிச் சமாளித்தேன். அப்போது என் போன் அடித்தது. தலைவர்தான்.

"தங்கச்சி, அந்தம்மா பக்கத்துலயா இருக்காக?"

"ஆமாண்ணே."

"அப்பச் சிரிக்காமக் கேளு. வேட்டிய இலந்த புடுங்கிருச்சு. இப்ப மேல தொங்குது, எட்டல."

கையில் இருந்த துணி, அதிகாரிக்குப் போர்த்த வாங்கிய பொன்னாடை ஒன்றுதான். அதிகாரி குறிப்பெழுதக் குனிந்த நேரம் பார்த்துச் சுருட்டி உள்ளே வீசினேன். நல்லவேளையாக அவர் பக்கத்திலேயே விழுந்தது.

இடுப்பில் சரிகை பளபளக்க, முகமெல்லாம் கீறலோடு தலைவர் வெளியே வந்து போட்டோவைக் காட்டினார். அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்து, இது என்ன உடை என்று கேட்டார்.

"காட்டுக்குள்ள போனா இங்கன இப்படித்தான் மேடம், ஒரு மரியாத" என்றார் அவர், முகம் மாறாமல்.

நான் திரும்பி நின்று இருமினேன். அதிகாரி, காடு மிக அடர்த்தியாக வளர்ந்திருப்பதாக எழுதிக்கொண்டார். போர்த்த ஒன்றும் இல்லாததால் ஒரு பெட்டி திராட்சை கொடுத்து அனுப்பினோம்.

அடுத்த கூட்டத்தில் இலந்தையை வெட்டிப் பாதை போடலாம் என்றேன். மரத்தில் கை வைக்கக் கூடாது, கல்வெட்டைப் பெயர்த்து வெளியே கொண்டுவந்துவிடலாம் என்றார் தலைவர். எல்லோரும் கை தூக்கினோம். உள்ளே போய் எடுத்து வருவது யார் என்று அவர் கேட்டதும், ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிட்டது.