பூனாகலைக் குளிரும் இரவல் கத்தியும்

என் மடக்குக் கத்திக்கு மெஷின் எண்ணெய் விடும்போதெல்லாம் அப்பாதான் நினைவுக்கு வருகிறார்.

எனக்கு எட்டு வயது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், கணக்கப்பிள்ளையின் மடக்குக் கத்தியை அப்பா இரவல் வாங்கி வந்திருந்தார். அது பளபளக்கட்டும் என்று யாருக்கும் சொல்லாமல் தேங்காயெண்ணெய் பூசிவைத்தேன். குளிரில் எண்ணெய் கட்டியாக உறைந்துவிட்டது.

வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில், எல்லார் முன்னாலும், அப்பா திருப்பிக் கொடுத்த கத்தி, கணக்கப்பிள்ளை நகம் நோக இழுத்தும் திறக்கவில்லை.

"யாருய்யா இதுக்குத் தேங்காயெண்ணெ பூசுனது?"

அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். அப்பா என்னைப் பார்த்தார்.

"நான்தாங்கய்யா."

"அப்படியே சடை பின்னிப் பூவும் வச்சிருக்கலாமேய்யா!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்தும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பா இருந்தவரை அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போதாவது எழுதிவிடுகிறேன்: கணக்கப்பிள்ளை ஐயா, பூசியது நான்தான்.