காப்புக் கட்டிய ஊரில் ஊசிக் கணக்கெடுப்பு

காலை ஆறு மணிக்கு மதுரையில் எழுமலை பஸ் ஏறினேன். டிக்கெட் மூன்று ரூபாய் அறுபது காசு. எண்பதுகளின் தொடக்கம், பங்குனி மாதம். ஏழு மணிக்கெல்லாம் ஜன்னல் கம்பி சுடத் தொடங்கியிருந்தது.

நான் வில்லாபுரத்துக்காரி. எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவளுக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை ஒன்று கிடைத்தது. கிராமங்களுக்குப் போய், வயது வந்தவர்களிடம் தடுப்பூசி போட்டுக்கொள்வீர்களா என்று கேட்க வேண்டும். மாட்டோம் என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். என்ன காரணம் சொல்வார்கள் என்பதை எங்கள் மேலதிகாரி மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தே கண்டுபிடித்து அச்சடித்துக் கொடுத்துவிட்டார்: வலிக்குப் பயம், காய்ச்சலுக்குப் பயம், நேரமில்லை, அறியாமை. டிக் அடிப்பது மட்டும் என் பாடு.

நாகமலை புதுக்கோட்டையில் கல்லூரிப் பையன்கள் ஏறுவார்கள், கொஞ்சம் கலகலப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அவர்களும் தூங்கிக்கொண்டே ஏறி, தூங்கிக்கொண்டே இறங்கிப் போனார்கள். பிறகு உசிலம்பட்டி வரை புளியமரமும் வெயிலும்தான். அங்கே பத்து நிமிடம் நிறுத்தினார்கள். டீ குடித்துவிட்டு வந்தபோது கண்டக்டர் பேச்சுக் கொடுத்தார்.

"எழுமலையில யார் வீட்டுக்குப் போறீக?"

"யார் வீட்டுக்கும் இல்லண்ணே. ஊசி போட்டுக்குவீகளான்னு ஊர்க்காரங்களக் கேக்கப் போறேன்."

"மெதுவாச் சொல்லுங்க. பின்னாடி சீட்டுக்குக் கேட்டுச்சுன்னா பஸ் காலியாயிரும்."

சிரித்தார், ஆனால் விளையாட்டாக மட்டும் சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடித்த பயம் அந்தப் பக்கத்து ஆண்களிடம் இன்னும் போகவில்லை. சர்க்கார் ஊசி என்றாலே ஒரு அடி பின்னால் போய் நின்றுதான் பேசுவார்கள்.

எட்டேகால் மணிக்கு எழுமலை. அங்கிருந்து நான் போக வேண்டிய ஊர் நாலு கிலோமீட்டர். அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகப் புரியும். பஸ் மதியம்தான் என்றார்கள், நடந்தேன். பருத்தி எடுத்து முடித்த காடுகள், தூரத்தில் மேற்கு மலை, வழியில் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. நல்ல வேலை வாங்கினாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டே போனேன்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது தாடி. கிழவர் முதல் இளவட்டம் வரை ஒருத்தர் பாக்கியில்லாமல் முகத்தில் ஒரு வாரத்துத் தாடி. தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம். எனக்கு வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது. வீடு வீடாக ஏறினேன். எல்லோரும் மரியாதையாகத் தண்ணீர் கொடுத்தார்கள், மரியாதையாக உட்காரச் சொன்னார்கள், மரியாதையாக ஒரே பதிலைச் சொன்னார்கள்: "ஊசி வேணாம் தாயி." ஏன் என்றால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். பத்தரை மணிக்குள் என் தாள்களில் 'இல்லை' என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. எரிச்சலில் 'அறியாமை' கட்டத்தில் வரிசையாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன்.

தெருக்கோடி வீட்டில் ஒச்சம்மாள் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கூலி வேலைக்குப் போய்ப் போய்க் கரடு தட்டிய கை. பக்கத்தில் மருமகள் பேச்சி, எட்டாவது மாதம் பாதி தாண்டிய கர்ப்பம். பேச்சியைப் பார்த்ததும் அன்றைக்குப் புதன்கிழமை என்பது ஞாபகம் வந்தது. எழுமலை ஆஸ்பத்திரியில் புதன்கிழமைதான் கர்ப்பிணிகளுக்கு டெட்டனஸ் என்கிற ரணஜன்னிக்கு ஊசி.

"இன்னைக்கு நர்ஸம்மா வந்திருப்பாங்க. கூட்டிட்டுப் போகலாமே" என்றேன்.

"ஆத்தா திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கு தாயி. பொங்க வச்சுக் காப்பு அவுக்குற வரைக்கும் ஊருல யாரு ஒடம்புலயும் இரும்பு படக் கூடாது. ஆம்பளைக சவரமே பண்ணாமத் திரியுறாக, நீ பாக்கலையா?"

பார்த்தேன். பார்த்ததைக் கேட்கத் தோன்றவில்லை, அதுதான் என் எம்.ஏ.யின் லட்சணம். காப்பு எப்போது அவிழ்ப்பார்கள் என்று கேட்டேன். இன்னும் பதினைந்து நாள். அப்படியானால் இது மாட்டோம் என்ற பதிலே இல்லை, இப்போது முடியாது என்ற பதில். மற்றவர்களுக்குப் பதினைந்து நாள் ஒன்றும் பெரிதில்லை. பேச்சிக்கு அப்படியில்லை. ஊசி இரண்டு தடவை, நடுவில் ஒரு மாதம் இடைவெளி. காப்பு அவிழ்த்த பிறகு முதல் ஊசி என்றால் இரண்டாவது ஊசிக்கு முன்னால் குழந்தை பிறந்துவிடலாம்.

இதைச் சொன்னதும் பேச்சி வாயைத் திறந்தாள்.

"மொதப் புள்ள எட்டாம் நாளு போச்சு டீச்சர். வாய் பூட்டிக்கிருச்சு, பால் குடிக்கல. ஒடம்பு வெறைச்சு வெறைச்சு..." பிறந்த குழந்தைக்கு ரணஜன்னி வந்தால் அப்படித்தான். மாமியார் பக்கம் திரும்பினாள். "எனக்குப் போட்டுக்கிறணும் அத்தே."

"நான் மட்டும் வேணாம்னா சொல்றேன்? காப்புக்குள்ள தப்புப் பண்ணி, இந்தப் புள்ளையவும் ஆத்தா எடுத்துக்கிட்டா நான் என்ன செய்ய?"

ஒச்சம்மாளின் குரல் உடைந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே குழந்தைக்குத்தான் பயந்தார்கள். ஒருத்தி ஊசி இல்லாமல் போய்விடுமோ என்று, இன்னொருத்தி ஊசியால் போய்விடுமோ என்று. என் தாளில் இதற்குக் கட்டம் இல்லை.

கடைசியில் ஒச்சம்மாளே சொன்னார், "ஆத்தாகிட்டயே பூக் கேட்டுருவோம்." நானும் கூடப் போனேன்.

ஊர் எல்லையில் சின்னக் கோயில். உச்சிப் பொழுது, ஆள் இல்லை. ஒச்சம்மாள் வெள்ளை நந்தியாவட்டை ஒன்றையும் சிவப்பு அரளி ஒன்றையும் தனித்தனி இலையில் மடித்து, வெளியே தெரியாதபடி கட்டி, அம்மன் காலடியில் வைத்தார். "ஊசி போடலாம்னா வெள்ளையக் குடு. கூடாதுன்னா செவப்பக் குடு." பேச்சி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். அரளி. ஒச்சம்மாள் மற்ற மடிப்பையும் பிரித்து, வெள்ளைப் பூவை எங்கள் இருவருக்கும் காட்டினார். பேச்சி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்த அம்மன் மேலேயே கோபம் வந்தது.

பேச்சி படியில் இருந்தபடியே நிமிர்ந்தாள். "நீங்க கேட்டது ஊசியப் பத்தி அத்தே. புள்ளையப் பத்திக் கேக்கலையே."

ஒச்சம்மாள் அவளையே பார்த்தார். "கேட்டதயே திருப்பிக் கேக்கக் கூடாது. ஆனா இது வேற கேள்விதான்" என்று சொல்லிவிட்டு, எங்களை முன்னால் நிறுத்திவைத்துத் தனியாகக் கோயிலுக்குப் பின்பக்கம் போனார். பூப் பறித்து மடிக்க இரண்டு நிமிடம் போதும். அவர் வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"ஆத்தா, இந்தப் புள்ளைய நீயே பாத்துக்கிறேன்னா செவப்பக் குடு. எங்களையப் பாத்துக்கிறச் சொன்னா வெள்ளையக் குடு."

பேச்சி எடுத்தாள். நந்தியாவட்டை.

இந்தத் தடவை இன்னொரு மடிப்பை ஒச்சம்மாள் பிரிக்கவில்லை. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதிலும் வெள்ளைதான் இருந்தது என்று நான் நினைக்கிறேன். பேச்சியும் அப்படித்தான் நினைத்திருப்பாள். கேள்வி கேட்பதற்கே சம்பளம் வாங்குகிற நான் அன்றைக்கு ஒரு கேள்வியை விழுங்கினேன்.

ஒன்றரை மணி பஸ்ஸில் எழுமலை, ஆளுக்கு நாற்பது காசு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஸ்டவ்வில் ஊசிகளை வேகவைத்துக்கொண்டிருந்தார். பேச்சி முன்னால் போனாள். ஒச்சம்மாள் அவளைக் கையால் ஒதுக்கிவிட்டு, தன் ரவிக்கைக் கையை மேலே ஏற்றினார்.

"எனக்கு மொதல்ல போடும்மா."

"இது கர்ப்பிணிகளுக்கு வச்சிருக்கது. உங்களுக்கு எதுக்கு?"

"போட்டாச் செத்தா போயிருவேன்?"

"சாக மாட்டீங்க."

"அப்பப் போடு."

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் மருந்து வைத்திருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்தேன். "திறந்த புட்டி, சாயங்காலம் மிச்சத்தக் கொட்டத்தான் போறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊசியை எடுத்தார். ஒச்சம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஊசி இறங்கிய இடத்தில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது, அதை முந்தானையால் துடைத்தார்.

"ஒங்களுக்கு எதுக்கு அத்தே?" என்றாள் பேச்சி.

"ஒனக்கு மட்டும் போட்டா ஆத்தா கோவம் ஒன்னயத் தேடி வரும். மொதல்ல என்னையத் தாண்டி வரட்டும். நீ போய் நில்லு."

பேச்சிக்கு ஊசி போட்டபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். வலித்ததா என்று நர்ஸ் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள்.

இரண்டாவது ஊசி அடுத்த மாதம், அப்போது காப்பு இருக்காது. பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று இருவரும் கிளம்பினார்கள். போகும்போது ஒச்சம்மாள் என் கையைப் பிடித்தார்.

"எங்க வீட்டுக்கு என்ன எழுதுவ?"

"போட்டுக்கிட்டீங்கல்ல, அப்படியே எழுதுறேன்."

"வேணாம் தாயி. போட மாட்டோம்னே எழுதிக்க. ஊருப் பேரயும் எங்கயும் சொல்லிறாத. நாங்க அங்கதான் இருக்கணும்."

நாலரை மணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து 'அறியாமை' டிக்குகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு நீக்கிவிட்டு, பக்கத்தில் 'காப்பு முடிந்து கேட்கவும்' என்று எழுதினேன். ஒச்சம்மாள் வீட்டுக்கு மட்டும் அவர் சொன்னபடியே 'இல்லை'. ஒத்திகைக்காகப் போன மாதம் எங்கள் வில்லாபுரத்தில் இதே கேள்வியைக் கேட்டிருந்தேன். படித்தவர்கள் நிறைந்த தெரு, எல்லாரும் 'ஆம்' என்றார்கள். தெருமுனைக்கு நர்ஸ் வந்தபோது பாதிப் பேருக்கு வெளியூரில் அவசர வேலை வந்துவிட்டது. தாளில் எங்கள் தெருதான் உசத்தி.

வீடு சேர ராத்திரி எட்டு மணி. அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

"அந்த ஊர்க்காரங்க ஊசின்னா பயப்படுறாங்களாமே, நெசமா?"

"நெசந்தாம்மா. பயந்துக்கிட்டேதான் போட்டுக்கிட்டாங்க."